காவி பூசாத வெள்ளிக்கிழமை

"இது என்னம்மா, இடுப்புல படம் வரைஞ்சிருக்கு?"

"சிங்கம், டாக்டர்."

"சிங்கமா? எனக்குப் பூனை மாதிரி தெரியுது."

"வரைஞ்சவரு லோரிக்குப் பேர் எழுதுறவரு. எழுத்து அழகா வரும். மிருகம்தான் கொஞ்சம் சுமார்."

டாக்டர் சௌதா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு, காய்ந்து வெடித்துப்போன செங்காவியின் ஓரத்தை விளக்கு வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"எத்தனாவது தடவை?"

"இந்த ஒரு வருஷத்துல நாலாவது."

"ஒவ்வொரு தடவையும் இதே இடத்துலயா?"

"இதே இடம்தான். அளந்து வச்ச மாதிரி, இடுப்புக்குக் கீழ, வலது பக்கம். முதல் நாள் எரியும், மறுநாள் கொத்தா நீர் கோத்துக்கும். அம்மா உடனே அக்கி எழுத ஆளைக் கூப்பிட்டுடுவாங்க. ஒரு வாரத்துல அமுங்கிடும்."

"எழுதலைன்னாலும் ஒரு வாரத்துல அமுங்கிடும்மா," என்றார் டாக்டர். "அக்கி இப்படி மூணு மாசத்துக்கு ஒரு தடவை அதே இடத்தைத் தேடி வராது. இது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸா இருக்கலாம். இருக்கலாம்னுதான் சொல்றேன். கொப்புளத்து நீரை எடுத்து லேபுக்கு அனுப்பினாத்தான் உறுதியா சொல்ல முடியும். நீங்க அது மேல மண்ணைக் குழைச்சு அப்பிட்டு வந்திருக்கீங்க. உள்ள காய்ஞ்சும் போச்சு. அடுத்த தடவை வந்தா ரெண்டு நாளைக்குள்ள, மேல எதையும் பூசாம வாங்க."

"ஹெர்பிஸ்னா..."

"நீங்க எதை நினைக்கிறீங்களோ அதேதான், நெருக்கத்துல தொத்துறது. ஆனா நீங்க நினைக்கிற அளவுக்குப் பெரிய ராட்சசன் இல்லை."

"நான் டைவர்ஸ் ஆகி ஆறு வருஷம் ஆச்சு டாக்டர். அதுக்கப்புறம் யாரும் கிடையாது."

"ஆறு வருஷம் என்ன, அதுக்கு மேலயும் அது சத்தம் போடாம உள்ள உட்கார்ந்திருக்கும். யார்கிட்டேர்ந்து வந்துச்சு, எப்ப வந்துச்சுன்னு என்னாலயே சொல்ல முடியாது."

இந்தப் பேச்சு நடந்து சரியாக மூன்று மாதம் ஆகியிருந்தது. லோகேஸ்வரி அதை ஒரு வரி விடாமல் மனதுக்குள் வைத்திருந்தாள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு டிராவல் ஏஜென்சியில் பதினான்கு வருடமாக வேலை பார்ப்பவள் அவள். யாருடைய பாஸ்போர்ட் எந்த மாதம் காலாவதியாகிறது என்று கேட்டால் கம்ப்யூட்டரைத் திறக்காமலே சொல்வாள். அப்படிப்பட்ட ஞாபகசக்திக்கு "இருக்கலாம்" என்ற ஒரு சொல் மட்டும் இடைஞ்சலாக இருந்தது. உறுதியாகத் தெரிந்த விஷயமாக இருந்தால் சொல்லிவிடலாம். இல்லையென்று தெரிந்தால் மறந்துவிடலாம். "இருக்கலாம்" என்பதைக் கொண்டுபோய் விமலனிடம் எப்படிச் சொல்வது?

விமலன் லிஃப்ட் பழுதுபார்ப்பவன். அவளுடைய அலுவலகம் இருக்கும் கட்டடத்தில், போன தீபாவளிக்கு முந்தின வாரம், ஆறாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் அவள் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டபோது, ஒலிபெருக்கி வழியாக அவளோடு பேசிக்கொண்டே இருந்தது அவன்தான். கதவு திறந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "உங்களுக்கு இவ்வளவு வாய் இருக்கா?" என்பது. அதற்கு அவன், "சும்மா இருந்தா நீங்க அழுதுடுவீங்கன்னு நினைச்சேன். நீங்க அழற ஆள் இல்லைன்னு இப்பத்தான் தெரியுது," என்றான். நாற்பத்தொரு வயது வரை கல்யாணம் செய்துகொள்ளாமல், படுக்கையில் கிடந்த அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன். இரண்டு வீட்டு அம்மாக்களும் பேசி முடித்து, கிள்ளானில் லோகேஸ்வரியின் வீட்டில் தட்டு மாற்றிக்கொள்ள ஞாயிற்றுக்கிழமை குறித்திருந்தார்கள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால், வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கும்போது, அந்தப் பழைய இடத்தில் கை பட்டது. நேற்று எரிந்ததை அவள் புதுப் பாவாடையின் நாடா அழுத்தியது என்று நினைத்திருந்தாள். இப்போது விரல் நுனியில் ஐந்தாறு நீர்மணிகள் தட்டுப்பட்டன.

வெளியே வந்து அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டாள். அவள் தலை துவட்டி முடிப்பதற்குள் அம்மா இராஜம்மா அக்கி எழுதுபவருக்குப் போன் போட்டுவிட்டார். சட்டை மாட்டி முடிப்பதற்குள் சின்னையாவின் மோட்டார் சைக்கிள் வாசலில் வந்து நின்றது.

சின்னையாவுக்குக் கிள்ளான் முழுக்க வாடிக்கையாளர்கள். லோரிக் கதவில் கம்பெனி பெயர், கோயில் திருவிழாப் பலகை, கடைக்கு விலைப்பட்டியல் எல்லாம் அவர் கைதான். அக்கி எழுதுவது அவர் அப்பாவிடமிருந்து வந்த தனிச் சேவை. அதற்கென்று ஒரு சின்ன டப்பாவில் காவிக்கல் வைத்திருப்பார். வழக்கம்போல இராஜம்மா சேலையை மறைப்பாகப் பிடிக்க, மூன்று விரல் அகலம் மட்டும் விலக்கிய இடத்தில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, மிக மரியாதையாக எழுதுவார். சிங்கம் பூனையானதற்கு அந்த மரியாதையும் ஒரு காரணம்.

"வா தங்கச்சி, நல்ல நாள் நெருங்கிடுச்சு. சட்டுனு எழுதிட்டு நான் போர்ட் கிள்ளானுக்கு ஓடணும்," என்று கிண்ணத்தில் காவியைக் குழைக்க ஆரம்பித்தார்.

"வேணாண்ணே. இன்னைக்கு எழுத வேணாம்."

"எழுதாம விட்டா அக்கியோட தலையும் வாலும் இடுப்பைச் சுத்தி ஒண்ணு சேர்ந்துடும்டி, உயிருக்கே ஆபத்து!" என்று இராஜம்மா பதறினார்.

"நாலு தடவை எழுதியாச்சும்மா. தலையும் சேரலை, வாலும் சேரலை. அது பாட்டுக்குத் திரும்பத் திரும்ப வருது. நான் டாக்டர்கிட்டப் போறேன். பூசிட்டுப் போனா அவங்களால பார்க்க முடியாது. போன தடவை அதனாலதான் திருப்பி அனுப்பிட்டாங்க."

சின்னையா குழைப்பதை நிறுத்தினார். கோபித்துக்கொள்வார் என்று லோகேஸ்வரி எதிர்பார்த்தாள். அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டர் பார்க்கட்டும் அக்கா. நான் எழுதினதுலயே இந்தச் சிங்கம்தான் சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது," என்று டப்பாவை மூடினார். மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டியதும் இராஜம்மா கதவைச் சாத்தினார்.

"என்ன சொன்னாங்க அந்த டாக்டர்?"

லோகேஸ்வரி அந்தப் பெயரைச் சொன்னாள். இராஜம்மா முப்பது வருடம் மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்தவர். அந்தப் பெயர் அவருக்குப் புதிதல்ல. சோபாவில் மெல்ல உட்கார்ந்தார்.

"உன்னை முதல்ல கட்டினானே, அவன் கொடுத்ததா?"

"தெரியாதும்மா. தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப் போறதில்லை."

"விமலன் தம்பிக்குத் தெரியுமா?"

"இன்னைக்குச் சொல்லப் போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" இராஜம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளன்னைக்குத் தட்டு மாத்தறோம். நான் சொல்றதைக் கேளு. தாலி ஏறட்டும். ஒரு ஆறு மாசம் போகட்டும். அப்புறம் மெதுவா சொல்லிக்கலாம். நல்ல பிள்ளை, தாங்கிக்குவான்."

"நல்ல பிள்ளைன்னுதானே முன்னாலயே சொல்லணும்கிறேன். மறைச்சு கட்டிக்கிட்டா, அப்புறம் அவர் தாங்கிக்கிறது அந்த நோயை இல்லம்மா, என்னை."

"போயிட்டான்னா?"

"போகட்டும்," என்றாள். குரல் நடுங்காமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். கொமூட்டர் ரயிலில் ஏறி உட்கார்ந்தாள். ஷா ஆலம் தாண்டும் வரை கைப்பையை மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டே வந்தாள். போய்விட்டால் அவளுக்கு வலிக்கும், கொஞ்சநஞ்சம் அல்ல. அந்த மனிதனை அவள் அவ்வளவு விரும்பியிருந்தாள்.

கிளினிக்கில் பதினோராவது எண். காத்திருக்கும் நாற்காலிகள் எல்லாவற்றிலும் இருவர் இருவராக ஆட்கள். லோகேஸ்வரிக்குத் தனியாகக் காத்திருந்து பழக்கம். முதல் கணவன் அவளைக் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு, ஏர்கோன் ஓட எஞ்சினை அணைக்காமல் காரிலேயே உட்கார்ந்திருப்பான். கரு கலைந்த அன்றும் அப்படித்தான். "கூட உள்ள வாங்களேன்" என்று கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குச் சொல்ல வாயெடுத்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வார்த்தையை விழுங்கிவிட்டு உள்ளே போனாள். அதன் பிறகு எத்தனையோ தடவை தொண்டை வரை வந்திருக்கிறது. யாரிடமும், அம்மாவிடம்கூட, அவள் அதைக் கேட்டதே இல்லை.

"அட, இன்னைக்குச் சிங்கத்தைக் காணோமே!" என்று டாக்டர் வரவேற்றார். "நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க. உடையவே இல்லை." கொப்புளத்தை ஊசி நுனியால் தொட்டு, பஞ்சுக்குச்சியில் ஒற்றி, சின்னக் குழாயில் போட்டு மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. "அடுத்த வெள்ளிக்கிழமை ரிசல்ட் வந்துடும். மாத்திரை இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம்."

"அதுன்னே வந்தா, நான் கல்யாணம் பண்ணிக்கலாமா டாக்டர்?"

"தாராளமா. கொப்புளம் இருக்கிற நாள்ல நெருக்கம் வேண்டாம். தினமும் மாத்திரை எடுத்தா அவருக்குப் போற வாய்ப்பு இன்னும் குறையும். அடியோட இல்லைன்னு மட்டும் நான் சொல்ல மாட்டேன். உதட்டு ஓரத்துல காய்ச்சல் கொப்புளம் வர்றவங்களைப் பார்த்திருப்பீங்க. அதுவும் இதே குடும்பம்தான். அவங்க எல்லாம் கல்யாணம் பண்ணிக்காமலா இருக்காங்க?"

மதியம் விமலன் அவளுடைய கட்டடத்தின் கீழேயே நின்றுகொண்டிருந்தான். மாதாந்தரச் சோதனை நாள்.

"சாப்பிடப் போலாமா? வாழையிலைக் கடையில கூட்டம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி."

"பேசணும். யாரும் கேட்காத இடமா."

"பிரிக்பீல்ட்ஸ்லயா? இங்க ஒரு ஆன்டி தும்மினா மூணு தெருவுல 'நூறு வயசு'ன்னு வாழ்த்துவாங்க." அவள் முகத்தைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்தினான். "ஒரு இடம் இருக்கு. வாங்க."

இரண்டாம் எண் லிஃப்டின் முன்னால் பழுது என்பதற்கு மலாயில் "ரோசாக்" என்று எழுதிய மஞ்சள் பலகையை நிறுத்தி, அவளை உள்ளே அழைத்து, கதவை மூடினான். தன் கருவிப்பெட்டியின் மேல் ஒரு துண்டை விரித்து அவளை உட்காரச் சொன்னான். தான் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சிங்கத்திலிருந்து ஆரம்பித்துப் பஞ்சுக்குச்சி வரைக்கும். நோயின் பெயரைச் சொன்ன அதே நேரத்தில் வெளியே யாரோ கதவைத் தட்டினார்கள்.

"டேய் தம்பி! அரிசி மூட்டை நாலு மாடி ஏறணும் லா! இன்னும் எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம் அங்கிள்!"

"அந்த ஒண்ணாம் நம்பர்லயும் இப்படித்தான் சொன்னே, பொங்கலே முடிஞ்சிடுச்சு!"

லோகேஸ்வரி சிரித்துவிட்டாள். விமலன் சிரிக்கவில்லை. அவன் கையில் இருந்த திருப்புளியை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு மாசமா தெரியுமா?"

"சந்தேகம்னு தெரியும்."

"அந்தச் சந்தேகத்தைச் சொல்லியிருக்கலாம்ல? மூணு மாசமா திரைச்சீலை என்ன கலர்னு என்கூட மல்லுக்கு நின்னீங்க. இதைச் சொல்லலை."

"சொல்லியிருக்கணும். அது என் தப்புதான்."

"எனக்கும் வந்துடுமா?"

கேட்க வேண்டிய கேள்வியை அவன் நேராகக் கேட்டது அவளுக்குப் பிடித்திருந்தது. டாக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு, "எனக்குச் சின்ன வயசுலேர்ந்து உதட்டுல வரும்," என்றான், உதட்டின் இடது மூலையைத் தொட்டுக்காட்டி. "பரீட்சைக்கு முந்தின நாள் கரெக்டா வந்துடும். அதுவும் இதுதானா?"

"அதே குடும்பம்னு சொன்னாங்க."

"அதை யாரும் ரகசியமா வச்சு நான் பார்த்ததில்லை." எழுந்து நின்றான். "லோகேஸ், எனக்கு ஒரு நாள் கொடுங்க. நோய்க்காக இல்லை. சொல்லாம இருந்தீங்கள்ல, அது கொஞ்சம் இடிக்குது. அது அடங்கணும்."

"எடுத்துக்குங்க. ஆனா ஞாயித்துக்கிழமை உங்க ஆளுங்க வேன்ல ஏறுறதுக்கு முன்னால சொல்லிடுங்க. எங்கம்மா அறுபது பேருக்குச் சமையல் சொல்லி வச்சிருக்காங்க."

அவன் பலகையை எடுத்தான். அரிசி மூட்டை அங்கிள் இரண்டு பேரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் ரிப்பேர் பார்த்தீங்களா?" என்றார்.

சனிக்கிழமை பகல் முழுக்க போன் வாய் திறக்கவில்லை. இராஜம்மா மகளைத் திட்டவும் இல்லை, தேற்றவும் இல்லை. வெங்காயம் உரித்தபடியே இருந்தார், வேண்டிய அளவுக்கு இரண்டு மடங்கு. லோகேஸ்வரி பாசாருக்குப் போய் வெற்றிலை வாங்கி வந்தாள். அவன் வராவிட்டாலும் வெற்றிலை வீணாகாது என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். வெற்றிலையை ஈரத் துணியில் சுற்றி வைத்தாள். உண்மையைச் சொன்னதில் அவளுக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை. வந்தாலும் போனாலும் இனி எந்தக் காலையிலும் கண்ணாடி முன்னால் சொல்லலாமா வேண்டாமா என்று கணக்குப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

நான்கு மணிக்கு ஒரு செய்தி வந்தது. "நாளைக்குத் தட்டு ஏழா ஒன்பதா? அம்மா கேக்குறாங்க. எனக்கு என்ன தெரியும், நான் லிஃப்ட்காரன்."

அவள் அதை அம்மாவிடம் காட்டினாள். இராஜம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "ஒன்பதுன்னு சொல்லுடி," என்று மட்டும் சொல்லிவிட்டு, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் ஒரு வசதி.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பது தட்டும் வந்தன. திரைச்சீலை விமலன் சொன்ன நிறத்தில் இல்லை. அவன் அதைச் சொல்லியும் காட்டினான். சாப்பாட்டுக்குப் பிறகு பின்பக்கம் கைகழுவும் இடத்தில், "இனிமே சந்தேகமா இருந்தாலும் சொல்லணும், என்ன?" என்றான். "சொல்றேன்," என்றாள். அவ்வளவுதான் அதைப் பற்றிய பேச்சு.

அடுத்த வெள்ளிக்கிழமை அவனே அரை நாள் லீவு போட்டுவிட்டு கிளினிக்குக்கு வந்தான். காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அவளோடு படியேறி, காத்திருக்கும் நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார்ந்தான். அவளுடைய எண் வந்ததும், "நான் இங்கயே இருக்கேன்," என்றான். "உங்க ரிப்போர்ட். நீங்க தனியா கேட்கணும்னா கேளுங்க." அதில் அக்கறைதான் இருந்தது. அவளும் தலையாட்டிவிட்டுப் பழக்கப்படி தனியாகவே உள்ளே போனாள்.

டாக்டர் சௌதா சுற்றி வளைக்கவில்லை. "ஹெர்பிஸ்தான். ரெண்டாம் வகை. உட்காருங்க."

லோகேஸ்வரி உட்கார்ந்தாள். பெரிதாக இடி விழும் என்று அவள் உடம்பு காத்திருந்தது. விழவில்லை. மூன்று மாதமாக மனதில் தொங்கிக்கொண்டிருந்த "இருக்கலாம்" அறுந்து கீழே விழுந்ததுதான் தெரிந்தது. "சரி," என்றாள். "அடுத்து என்ன செய்யணும்?"

"அதுல சொல்ல நிறைய இருக்கு. மாத்திரை எப்ப, எப்படி, குழந்தை வேணும்னா என்ன செய்யணும், அவரு எதுக்கு ரத்தம் பார்க்கணும், எல்லாம்." டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அவரு வந்திருக்காரா?"

"வெளிய இருக்காரு."

"நீங்க போய் வீட்டுல எடுத்துச் சொல்றதுன்னாலும் சரி. அது உங்க இஷ்டம்."

எடுத்துச் சொல்லலாம்தான். டாக்டர் சொன்னதை ஒரு வரி விடாமல் மனதில் வாங்கிக்கொண்டு போய்க் கூட்டாமல் குறைக்காமல் ஒப்பிப்பதில் அவளுக்கு யாரும் நிகரில்லை. எல்லாச் செய்தியையும் முதலில் தனியாகக் கேட்டு, தனியாக விழுங்கி, பிறகு ஆறவைத்து மற்றவர்களுக்குக் கொடுத்தே அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகிவிட்டது.

அவள் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தொலைக்காட்சியில் ஏதோ சமையல் நிகழ்ச்சி. விமலன் சட்டென்று பாதி எழுந்தான். முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தவனாக அவளுடைய கைப்பையையும் எடுத்துக்கொண்டான். முன்வரிசையில் இருந்த இரண்டு ஆன்டிகள் பேச்சை நிறுத்திவிட்டு அவளை ஏறிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

தொண்டைக்குள் அந்தப் பழைய வார்த்தை எழும்பி வந்தது. இந்தத் தடவை அவள் அதை விழுங்கவில்லை.

"விமலன்," என்றாள், கூடத்தின் கடைசி நாற்காலி வரை கேட்கும்படி, "என்கூட உள்ள வாங்க."